பவளத்துக்குத் தைத்த சிவப்புச் சட்டை

திருமுருகன்பூண்டியில் குமாரவேல் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. முயல் மாஸ்டர் வீடு என்று கேட்டுப் பாருங்கள், சிலை செதுக்குகிற பட்டறைக்காரர் உளியைக் கீழே வைக்காமல் தாடையை ஆட்டியே வழி காட்டிவிடுவார். ஆளுக்கு வயது நாற்பத்தொன்பது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கைக்குழந்தையிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளை வரைக்கும் போடுகிற உருப்படிகளுக்குத் துணி வெட்டுகிற வேலை, இருபத்திரண்டு வருடமாக. அப்பா தறி நெய்தவர், தைப்பூசம் வந்தால் பழனிக்கு நடந்தே போகிறவர். மகனுக்கு முருகன் பேரை வைத்தார். மகன் தறிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை, கத்தரியைப் பிடித்துக்கொண்டார். துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு தேய்ப்பு தேய்த்தால் போதும், அதன் கனம் என்ன என்று தராசில் வைத்த மாதிரி சொல்லிவிடுவார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

கொரோனா ஊரடங்கில் கம்பெனி மூடிக் கிடந்தது. சும்மா இருக்கத் தெரியாத கை அவருக்கு. காங்கேயம் பக்கம் தெரிந்தவர் தோட்டத்திலிருந்து ஒரு ஜோடி வெள்ளை முயல் வாங்கி வந்தார். அதில் பெட்டைக்குக் கண் இரண்டும் செக்கச் செவேலென்று இருந்ததால் பவளம் என்று பேர் வைத்தார். பிள்ளை இல்லாத வீடு அது. பவளம் வந்த பிறகு ஜெயசுதா, அவர் மனைவி, சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் முதல் வேலையாகக் கூண்டுப் பக்கம்தான் போனாள். அவர் மொபெட் சத்தம் சந்து முனையில் கேட்டாலே பவளம் பின்னங்காலால் பலகையைத் தட்டும். ஐந்து வருடம் தட்டியது.

முயல் வளர்ப்பில் அவர் பார்க்காத பக்குவம் இல்லை. பட்டறைகளின் உளிச் சத்தத்துக்கு முயல் மிரளும் என்று கூண்டுகளை வீட்டின் மறுபக்கம் கொண்டுபோய் வைத்துச் சாக்குப் படுதா கட்டினார். பங்குனி பிறந்துவிட்டால் குளிர்பெட்டியில் தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துக் கூண்டுக்குள் போடுவார், முயல்கள் அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். யாராவது காதைப் பிடித்துத் தூக்கப் போனால் பாய்ந்துவிடுவார்.

"உன்ற காதைப் புடிச்சு உன்னைத் தூக்குனா நீ சும்மா இருப்பியா? அந்தக் காதுதானுங்க அதுக்கு ஃபேன். உடம்புச் சூடெல்லாம் அது வழியாத்தான் போகோணும். முயலு மூக்காலதான் மூச்சு உடும். வாயைத் தொறந்துச்சுன்னு வைங்க, முடிஞ்சுது கதை."

கம்பெனியில் டீ பிரேக் விட்டால் இந்தப் பிரசங்கம்தான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட முடியாது. "மாஸ்டர் புடிச்ச முயலுக்கு மூணே காலு" என்று டெய்லர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். கேட்டவர்களில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் கேட்பாள். தைத்த உருப்படியில் குறை பார்க்கிற செக்கிங் டேபிளில் நிற்கிற நதியா. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள், ஊரில் ஆடு வளர்த்த வீட்டுப் பெண்.

இவ்வளவையும் ஏன் முன்கூட்டியே சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்துவிட்டார் பாவம் என்று யாரும் அவருக்குப் பரிந்துகொண்டு வரக் கூடாது. அவருக்கு எல்லாம் தெரியும்.

போன பங்குனியில் பொங்கலூரில் உழவர் மன்றம் ஒன்று மூன்று நாள் வேளாண் கண்காட்சி வைத்தது. மன்றத்துச் செயலாளர் மயில்சாமி வீட்டுக்கே வந்து, "உங்க முயலை நாலு பேரு பாக்கோணுமுங்க மாஸ்டர்" என்று கூப்பிட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு மனுஷன் தரையில் இல்லை. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, பவளத்தையும் அது ஈன்ற முத்துவையும் இன்னும் இரண்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்ச் சேர்ந்தார்.

போனால், தகரக் கொட்டகை. இந்தப் பக்கத்து ஸ்டாலில் திமில் பெருத்த காங்கேயம் காளை, அந்தப் பக்கத்தில் மருந்தடிக்கிற டிரோன். கூட்டம் காளையைப் பார்த்து வாயைப் பிளந்தது, டிரோனைப் பார்த்து அண்ணாந்தது, நடுவிலிருந்த முயலைத் தாண்டிப் போனது. நின்றவர்களும் என்ன கேட்டார்கள்? "கறி பூவாட்டம் இருக்கும்பாங்களே, ஆமாங்களா?" பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனால் எடை கேட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

சனிக்கிழமையும் அதே கதை. சாயங்காலம் மயில்சாமி வந்து, "நாளைக்குக் கடைசி நாளு, நடுவருங்க வர்றாங்க. சிறந்த ஸ்டாலுக்குக் கேடயம். உங்களுது இப்படித் தூங்கி வழியுதுங்களே மாஸ்டர்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். இவருக்குச் சுருக்கென்று தைத்தது. முயல்களுக்குக் காவலாகப் பக்கத்து ஸ்டால் காளைக்காரரை இருக்கச் சொல்லிவிட்டு நேரே வீட்டுக்கு வந்து, "சுதா, மிசினைத் தொறந்து வை" என்றார்.

திருப்பூரில் ஒரு வினோதம் உண்டு. வெள்ளைக்காரன் நாட்டுப் பனிக்குப் போடுகிற உடுப்பெல்லாம் இங்கே அக்கினி வெயிலில்தான் தயாராகும். அப்போது கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்தது கிறிஸ்துமஸ் ஆர்டர். குழந்தைகளுக்குச் சிவப்பு நிறத்தில் குல்லா வைத்த சட்டை, உள்பக்கம் பஞ்சு மாதிரி மயிர் எழுப்பிய ஃப்ளீஸ் துணி. வெட்டியது போக மிஞ்சிய ஒரு துண்டு சாம்பிளுக்காக அவர் பையில் கிடந்தது. அதை எடுத்து விரித்தார். டேப் இல்லாமல், கண்ணளவிலேயே பவளத்துக்கு வெட்டினார். நான்கு கால் விட இடம், வயிற்றுப் பக்கம் இழுத்துப் பூட்ட மூன்று பட்டன், தலைக்குக் குல்லா.

ஜெயசுதா துணியைத் தொட்டுப் பார்த்தாள். "ஏனுங்க, இது கனமா இருக்குதுங்களே. நம்ம கைக்குட்டைக்கு வெச்சிருக்கற மெல்லீசுத் துணியில தெக்கட்டுங்களா?"

"அது ஃபோட்டோவுல எடுக்காது. ஒரு பகல்தானே, நீ தை."

விரலில் வைத்துத் தேய்த்துக் கனம் சொல்கிற மனுஷன் சொன்ன பதில் அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பவளத்துக்குச் சட்டையை மாட்டினார். குல்லாவைப் போடும்போது காது இரண்டும் நட்டுக்கொண்டு நின்றன. மெதுவாக மடக்கி உள்ளே விட்டுக் கயிற்றை இழுத்து முடிந்தார். ஃபேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த காதை அவர் கையாலேயே மடக்கினார். பவளம் ஒரு தரம் தலையை உதறியது. அவர் கை என்பதால் அதற்குமேல் முரண்டு பிடிக்கவில்லை.

அப்புறம் கூட்டத்தைக் கேட்கவா வேண்டும்! சட்டை போட்ட முயல், சட்டை போட்ட முயல் என்று கொட்டகையே இந்தப் பக்கம் திரும்பியது. காளைக்காரர்கூட வந்து ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் தூக்கின, பெண்கள் தூக்கினார்கள், கல்லூரிப் பையன்கள் கன்னத்தோடு வைத்து செல்ஃபி எடுத்தார்கள். கைக்குக் கை மாறியது பவளம். "பாத்துங்க, பாத்துங்க" என்று வாய் சொல்லிற்றே தவிர, குமாரவேலுக்கு மனசெல்லாம் குளிர்ந்துபோயிருந்தது. இரண்டு நாள் அவமானத்துக்கு வட்டியோடு பதில் சொல்லிவிட்ட நினைப்பு. மணி பன்னிரண்டைத் தாண்டியது. தகரம் அனலாகக் காய்ந்தது. அவர் சட்டையே முதுகோடு ஒட்டிக்கொண்டது. அதுவும் ஒரு குறிப்பாக அவர் மண்டையில் ஏறவில்லை.

அப்போதுதான் நதியா வந்தாள். ஞாயிறு விடுமுறைக்குக் கண்காட்சி பார்க்க வந்தவள், மாஸ்டர் ஸ்டால் என்று ஆசையாகத் தேடி வந்தாள். கூட்டத்துக்குள் தலையை நீட்டிப் பவளத்தைப் பார்த்தாள். சிரித்த முகம் மாறிவிட்டது.

"மாஸ்டர், இது வாயத் தொறந்து மூச்சு வாங்குது. சட்டையக் கழட்டிருங்க மாஸ்டர்."

அவரும் பார்த்தார். வாய் திறந்திருந்தது. மோவாயில் ஈரம். பார்த்துவிட்டார், அதுதான் விஷயம். ஆனால் எதிரே முப்பது பேர் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். செக்கிங்கில் நிற்கிற ஒரு பெண் அத்தனை பேர் முன்னால் தனக்கு முயல் பாடம் எடுப்பதா என்று ஒரு ரோஷம் வந்தது. கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"ஏனுங், கேட்டீங்களா? இந்த அம்மிணி எங்க கம்பெனி செக்கிங்குங்க. வாரமெல்லாம் பனியனைச் செக் பண்ணுனது பத்தாதுன்னு, ஞாயித்துக்கெழமை முயலைச் செக் பண்ண வந்துட்டாங்க. சொல்லு அம்மிணி, ஆல்ட்டர் போடலாமா, இல்ல ரிஜெக்ட்டே பண்ணிப்போடலாமா?"

கொல்லென்று சிரித்தது கூட்டம். நதியா முகத்தில் ஈயாடவில்லை. "நீங்கதான மாஸ்டர் சொல்வீங்க, வாயத் தொறந்தா..." என்று இழுத்தாள். "கொஞ்சம் அக்கட்டால நில்லு கண்ணு, ஃபோட்டோ எடுக்கறாங்க" என்றார் அவர். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

போன பிறகு சட்டையைக் கழற்றியிருக்கலாம். இன்னும் ஒரு குடும்பம், இன்னும் ஒரு ஃபோட்டோ என்று அரை மணி நேரம் போயிற்று. ஒரு அம்மாள் கையிலிருந்து வாங்கும்போது பவளத்தின் கழுத்து துவண்டு அவர் மணிக்கட்டில் விழுந்தது. "தண்ணி காட்டோணுமுங்க, ஒரு நிமிசம்" என்று சொல்லி மேசைக்கு அடியில் குனிந்தார். பட்டன்களைக் கழற்றினார். குல்லாவை எடுத்ததும் காது இரண்டும் ரத்தம் கட்டின மாதிரி சிவந்து, இஸ்திரி போட்ட துணிபோலச் சுட்டன. பாட்டில் தண்ணீரைக் காதில் ஊற்றினார். முயல் வாயில்லாப் பிராணி, அடித்தாலும் சத்தம் போடாது. பவளம் அப்போது ஒரே ஒரு தரம் கத்தியது, கைக்குழந்தை வீரிடுகிற மாதிரி. மேலே ஒலிபெருக்கியில் சொட்டுநீர்ப் பாசனம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் அவர் காதில் மட்டும்தான் விழுந்தது. அதோடு அடங்கிவிட்டது.

ஐந்து வருடம் பலகை தட்டிய கால் மேசைக்கடியில் நீட்டிக் கிடந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு இருந்தார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது.

"மாஸ்டர்! நடுவருங்க அடுத்து உங்க ஸ்டாலுக்குத்தான் வர்றாங்க. சட்டை போட்ட முயலைப் பாக்கோணும்னு வந்தவுடனே கேட்டாங்க!" மயில்சாமியின் குரல்.

இதற்கு அடுத்து அவர் செய்ததைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. பவளத்தை மேசைக்கடியில் கிடந்த ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினார். அந்தச் சிவப்புச் சட்டையை ஒரு உதறு உதறி, கூண்டிலிருந்த முத்துவை எடுத்து அதற்கு மாட்டினார். அம்மாவும் மகளும் ஒரே வெள்ளை, ஒரே சிவப்புக் கண். யாருக்குத் தெரியப் போகிறது? கழுத்துப் பக்கம் பவளத்தின் எச்சில் காயவில்லை. அந்த ஈரம் விரலில் பட்டது. பட்டும் முடிச்சைப் போட்டார்.

எழுந்து நின்றால், எதிரே நதியா. கையில் ஒரு பாலிதீன் கவர், நிறைய உடைத்த ஐஸ் கட்டி. வேர்த்து விறுவிறுத்து நின்றாள்.

"மாஸ்டர், இந்தாங்க ஐஸு. ஒறஞ்ச தண்ணி பாட்டில் கெடைக்கல. அந்தப் பெரிய முயலு எங்க?"

"இதாம்மிணி அது" என்றார், மேசைமேல் இருந்த முத்துவைக் காட்டி. "நல்லாத்தான இருக்குது, பாரு."

நாள் முழுக்க உருப்படியை விரித்துத் தோளளவு, கையளவு பார்த்துத் தள்ளுகிறவள் அவள். முத்துவின் தோளில் தொளதொளவென்று தொங்கிய சட்டையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சட்ட லூசா இருக்கு மாஸ்டர்."

ஐஸ் கவரை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அதற்குள் நடுவர்கள் பக்கத்து ஸ்டாலைத் தாண்டிவிட்டார்கள். மேசையில் தண்ணீர் சொட்டினால் அசிங்கம் என்று குமாரவேல் அந்தக் கவரை எடுத்துக் கீழே போட்டு, காலால் உள்ளே தள்ளினார்.

நடுவர்கள் சிரித்தார்கள், பாராட்டினார்கள், திருப்பூர்க்காரன் மூளையே மூளை என்று ஒருவர் தோளைத் தட்டினார். நின்ற இடத்திலேயே முதல் பரிசு என்று சொல்லி, முயலையும் தூக்கிக்கொண்டு மேடைக்கு வரச் சொன்னார்கள். ஒரு கையில் கேடயம், ஒரு கையில் முத்து. கனத்த துணியையும் தாண்டி முத்துவின் நெஞ்சு தடதடவென்று அவர் முழங்கையில் அடித்தது. இப்போது இதுவும் போய்விடும், இதுவும் போய்விடும் என்று உள்ளே கத்திக்கொண்டே இருந்தது. "சிரிங்க மாஸ்டர்" என்றார் ஃபோட்டோக்காரர். சிரித்தார். அந்தப் படம் இன்றைக்கும் மன்றத்துச் சுவரில் இருக்கிறது.

மேடையிலிருந்து இறங்கியதும் பின்பக்கம் குழாயடிக்கு ஓடினார். பட்டனுக்குப் பொறுமை இல்லை, தையலைப் பிடித்துக் கிழித்தார். முத்துவின் காதை நனைத்து, மடியில் வைத்து, விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரம் கழித்து அதன் வாய் மூடியது. பிழைத்துக்கொண்டது. ஸ்டாலுக்கு வந்து அட்டைப்பெட்டியைத் தூக்கினால் அடிப்பக்கம் ஊறிப்போய்க் கையோடு பிய்ந்து வந்தது. அவர் காலால் தள்ளிய ஐஸெல்லாம் பவளத்தின் பெட்டியை ஒட்டியே கிடந்து உருகியிருந்தது.

வீட்டில் முருங்கை மரத்தடியில் குழி தோண்டும்போது ஜெயசுதா பக்கத்தில் வந்து நின்றாள்.

"வெயில் தாங்கலை சுதா" என்றார்.

"வெயிலுங்களா, சட்டைங்களா?"

அவர் மண்வெட்டியை மறுபடி ஓங்கினார். "நாந்தானுங்களே தெச்சேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். கேடயத்தை எங்கே வைப்பது என்று யாரும் பேசவில்லை. அது கொண்டுவந்த பைக்குள்ளேயே கிடந்தது.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனால் அதற்குள் அந்த ஃபோட்டோ எல்லோர் போனிலும் வந்துவிட்டிருந்தது. "மாஸ்டர், பார்ட்டி எப்போ?" என்று டெய்லர்கள் கும்மாளம் போட்டார்கள். ஓனர் கூப்பிட்டுக் கை குலுக்கினார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் கூசிப்போனார் மனுஷன். சாக்கடைக்குள் நிற்பவனுக்கு மாலை போட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. டீ பிரேக் வரைக்கும் தாங்கவில்லை. கத்தரியை வைத்துவிட்டு நேரே செக்கிங் டேபிளுக்கு நடந்தார். அங்கே எட்டுப் பெண்கள் நின்றார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் வந்தார். சிரிக்க வைத்தது முப்பது பேர் முன்னால்தானே என்று தோன்றியது, அங்கேயே நின்றுவிட்டார்.

"நதியா. நீ சொன்னதுதான் சரி. அது செத்துப்போச்சு. நான்தான் கொன்னுபோட்டேன். செத்ததுட்ட இருந்து சட்டையைக் கழட்டித்தான் இன்னொண்ணுக்குப் போட்டேன். உன்கிட்டப் பொய் சொன்னேன். உன்னை அத்தனை பேரு முன்னால..."

நதியா கையிலிருந்த உருப்படியைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும் மாஸ்டர். சட்டயப் பாத்தப்பவே தெரியும்."

உருப்படியைத் திருப்பிக்கொண்டே கேட்டாள். "அந்த ஐஸயாச்சும் சின்னதுக்கு வச்சீங்களா?"

பொய் சொல்ல இன்னொரு இடம் கிடைத்தது. ஆம் என்று ஒரு தலையாட்டல் போதும், அந்தப் பெண்ணுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இல்ல அம்மிணி. கீழ தள்ளீட்டேன்."

நதியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் முதல் தடவையாகக் கோபப்பட்டாள்.

"கரும்பு ஜூஸ்காரன் தரமாட்டேன்னுட்டான் மாஸ்டர். யாவாரத்துக்கே பத்தலன்னு வெரட்டுனான். உங்கள எங்க அண்ணன்னு சொல்லி, பிள்ள மாதிரி வளத்த முயலு, இது செத்தா அவரு தாங்கமாட்டாருன்னு, அவன்கிட்ட கெஞ்சி, அழுது வாங்கிட்டு வந்தேன்."

மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். குமாரவேல் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். நகரத் தோன்றவில்லை. நதியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் வெட்டிக் கொடுத்த சிவப்புச் சட்டைகளில் அடுத்ததை எடுத்து டேபிளில் விரித்து, குல்லாவைத் திருப்பித் தையல் பார்க்க ஆரம்பித்தாள்.